விதிவிலக்கின் ஏழு மாடிகள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர், சிற்றிதழ்களில் முப்பது வருடப் பழக்கம் உள்ளவர், பேச்சுவாக்கில் கேட்டார்: "அதுதான் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்களே, இன்னும் எதற்கு அந்தக் கொடைக்கானல் ஓட்டல் கதை?" கட்சிக்காரர் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். இவர் வாசகர். ஒரு கதையில் கதைசொல்லியின் கூற்றையும் பாத்திரத்தின் கூற்றையும் பிரித்தறியத் தெரிந்தவர். ஆனால் ஒரு தீர்ப்பையும் இன்னொரு தீர்ப்பையும் பிரித்தறிய அவருக்குத் தோன்றவில்லை. அவரை நோக்கியே இதை எழுதுகிறேன். அவரைப் போலவே நினைக்கிற பலர் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

நடந்தது இதுதான். பிளெசன்ட் ஸ்டே என்ற தனியார் ஓட்டல் கொடைக்கானலில் அனுமதிக்கப்பட்டதை மீறி ஏழு தளங்களாக எழுந்தது. மலை நகரங்களுக்கென்று 1993ஆம் ஆண்டின் கட்டட விதிகள் இருக்கின்றன. கொடைக்கானலுக்கென்று தனியே ஒரு முழுமைத் திட்டமும் அதே காலத்தியது. சரிவில் எவ்வளவு உயரம் கட்டலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுந்த கட்டடத்துக்கு, 1994 மே 13 அன்று நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை ஓர் அரசாணை தந்தது. அரசாணை (நிலை) எண் 126. அதன் சாரம்: இந்தக் கட்டடத்துக்கு விதிகளிலிருந்து விலக்கு.

விதியை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானலில் இனி எல்லோரும் ஏழு மாடி கட்டலாம் என்று விதியையே திருத்தியிருந்தால் அது முட்டாள்தனமான கொள்கை என்று திட்டலாம், சட்டமன்றத்தில் எதிர்க்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். அது ஊரறிய நடக்கும் தவறு. விதிவிலக்கு அப்படியல்ல. மற்ற அனைவருக்கும் விதி அப்படியே நிற்கும். ஒருவருக்கு மட்டும் கதவு திறக்கும். விதி நிற்பதால்தான் விலக்குக்கு விலை உண்டாகிறது. பக்கத்து மனைக்காரர் இரண்டு மாடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே ஏழு மாடிக்காரரின் லாபம். "வேண்டியவர்", "வேண்டாதவர்" என்று நம் ஊர்ப்பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. நிர்வாகச் சட்டத்தின் ஒரு பெரும் பகுதி, அரசுக்கு வேண்டியவர் என்று ஒருவர் இருக்கக் கூடாது என்று சொல்வதற்காகவே எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இலக்கிய வாசகர்கள் அரசாணைகளைப் படிப்பதில்லை. படிக்க வேண்டும். தமிழ் உரைநடையில் எழுவாயை இவ்வளவு திறமையாக ஒளித்துவைக்கும் வேறொரு வகைமையை நான் கண்டதில்லை. கோரிக்கை "பெறப்பட்டது", அது "கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது", பின்னர் ஆணை "வெளியிடப்படுகிறது". யார் பரிசீலித்தார்? எதை வைத்து? மறுத்தவர் எவரேனும் உண்டா? கடைசியில் அடைப்புக்குறிக்குள் "ஆளுநரின் ஆணைப்படி" என்று ஒரு வரி. கீழே செயலரின் பெயர். ஆளுநருக்கு அந்த ஓட்டல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திராது. செயலர் கையொப்பமிட்டவர் மட்டுமே. அமைச்சரும் முதல்வரும் கோப்பின் உள்ளே எங்கோ இருப்பார்கள். ஆணையில் இருக்க மாட்டார்கள். செயப்பாட்டு வினையைப் பற்றி நம் இலக்கண ஆசிரியர்கள் எழுதியதெல்லாம் போதாது. அது அதிகாரத்தின் இயல்பான வினைவடிவம்.

அந்த ஆணையை எதிர்த்து நீதிமன்றம் சென்றது பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற அமைப்பு. மலையையும் சோலைக்காடுகளையும் காக்க 1980களில் உருவானது. இவர்களைப் பற்றி அப்போதே ஒரு ஏளனம் உண்டு: மலைமேல் பங்களா வைத்திருக்கும் ஆங்கிலம் பேசுகிறவர்கள், தாங்கள் வந்த பிறகு கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள் என்று. இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இருக்கட்டுமே. ஏரியை 1863இல் உண்டாக்கிய லெவிஞ்சு முதல் நேற்று வந்து இறங்கிய சுற்றுலாப் பயணி வரை, அந்த ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் வந்தேறியவர்கள்தான், பளியர்களைத் தவிர. ஒரு வழக்கை அதைத் தொடுத்தவரின் வீட்டு அளவைக் கொண்டு எடைபோடுவது சோம்பேறித்தனம். அவர்கள் நஷ்டஈடு கேட்கவில்லை. தங்களுக்கும் ஒரு மாடி வேண்டும் என்று கேட்கவில்லை. விதி என்று ஒன்று இருக்கிறதே, அது இந்தக் கட்டடத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். மேலே ஏழு மாடிக்குக் குளியலறைகள் கட்டினால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எந்தச் சரிவில் இறங்கும் என்பது, கோடையில் குடத்துடன் வரிசையில் நிற்கிறவருக்கும் பங்களாக்காரருக்கும் ஒரே கேள்விதான்.

சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்துசெய்தது. ஓட்டல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1995இல் அங்கும் தோற்றது. ஓர் அரசாங்கம் முழு அதிகாரத்தோடு தந்த சலுகையை, ஒரு மலையூரின் சிறிய அமைப்பு இரண்டு நீதிமன்றங்களில் வீழ்த்தியது. தமிழ்நாட்டில் இது அடிக்கடி நடப்பதல்ல. நண்பர் இந்தத் தீர்ப்பை மறந்துவிட்டார். நம்மில் பலரும் மறந்துவிட்டோம். ஏனென்றால் இதில் யாரும் சிறைக்குப் போகவில்லை.

இடையில் ஒன்று. 1994 குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் 2006, 2018 என்று அது தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. குறிஞ்சித் திணை பற்றி அந்த ஆண்டும் நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். மலையும் மலை சார்ந்த இடமும் நமக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். அதன் மீது ஓர் அரசாணை இறங்கியபோது எந்தச் சிற்றிதழ் அதை ஒரு பொருளாகக் கருதியது என்று நான் தேடியிருக்கிறேன். என் கைக்கு எதுவும் அகப்படவில்லை.

சலுகையை எதிர்ப்பதற்கு இந்தியச் சட்டத்தில் அப்போதே உறுதியான அடித்தளம் இருந்தது. அது கிடைத்தது பெரிய அணைக்கட்டு ஒப்பந்தத்திலோ ஆயுத பேரத்திலோ அல்ல. பம்பாய் விமான நிலையத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலையை நடத்தும் உரிமை பற்றிய வழக்கில். ரமணா தயாராம் ஷெட்டி எதிர் பன்னாட்டு விமான நிலைய ஆணையம், 1979. ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஆணையம் ஒரு தகுதியை விதித்தது: குறிப்பிட்ட தரத்தில் பதிவுபெற்ற ஓட்டல்காரர், குறைந்தது ஐந்தாண்டு அனுபவம். கடைசியில் அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே ஒப்பந்தத்தைக் கொடுத்தது. நீதிபதி பகவதியின் தீர்ப்பு சொன்னது இதுதான்: அரசு தன் கையில் உள்ளதை ஒரு தனி வியாபாரியைப் போல விரும்பியவருக்குத் தர முடியாது, தானே வகுத்த அளவுகோலைத் தானே மீற முடியாது, மீறினால் அது சமத்துவத்துக்கு எதிரானது. இன்று ஒவ்வொரு டெண்டர் வழக்கிலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. வேடிக்கை என்னவென்றால், வழக்குத் தொடுத்தவர் தோற்றுப்போனார். காலம் கடந்து வந்தார், அவருக்கு இதில் உண்மையான அக்கறை இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். கொள்கை வென்றது, மனுதாரர் வீட்டுக்குப் போனார். நம் நீதிமன்றங்களின் குணத்தை அறிய இந்த ஒரு தீர்ப்பைப் படித்தால் போதும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டல் ஆணை வந்த அதே 1994இன் ஜூலையில், டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லைக்கோட்டைப் போட்டது. ஒப்பந்தம் யாருக்கு என்பதை நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரிபோல் உட்கார்ந்து தீர்மானிக்காது. தீர்மானித்த முறை சரியா என்று மட்டுமே பார்க்கும். இது நியாயமான கோடுதான். நீதிபதிக்குச் சாலை போடத் தெரியாது. ஆனால் இந்தக் கோட்டின் விளைவு ஒன்று உண்டு: முறையை மறைத்துவிட்டால் வழக்கே இல்லை. ஆகவே எல்லாமே கோப்பு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதில் வந்து நிற்கிறது.

இனி எல்லோருக்கும் நினைவிருக்கிற பகுதி. 1996இல் ஆட்சி மாறியது. ஓட்டல் விவகாரம் குற்ற வழக்காயிற்று. 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம், விலக்கு அளித்தபோது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்கும், உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த டி.எம். செல்வகணபதி உள்ளிட்ட மற்றவர்களுக்கும் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்று பிற்பகல் தர்மபுரி அருகே இலக்கியம்பட்டியில், தீர்ப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கிய அ.தி.மு.க.வினர், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள்.

இதை எழுதும்போது ஒவ்வொரு முறையும் கை நிற்கிறது. அந்தப் பெண்கள் கொடைக்கானலுக்கு அனுமதி கேட்டவர்கள் அல்ல, மறுத்தவர்கள் அல்ல, வழக்குத் தொடுத்தவர்கள் அல்ல. தீ வைத்தவர்களில் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, 2010இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாகி, 2016இல் அதே நீதிமன்றத்தால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2018 நவம்பரில் அவர்கள் மாநில அரசால் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். தூக்குத் தண்டனையை நான் ஆதரிப்பவனல்ல. அது குறைக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. முன்விடுதலை வேறு. ஆயுள் கைதிகள் பல நூறு பேர் காத்திருக்க, இந்த மூவரின் கோப்பு நகர்ந்தது. நகர்த்தியது அவர்கள் எந்தக் கட்சிக்காகத் தீ வைத்தார்களோ அந்தக் கட்சியின் அரசு. எண் 126இல் தொடங்கியது இங்கேயும் விலக்காகவே வந்து முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

ஓட்டல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை 2001 டிசம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. டான்சி நில வழக்கிலும் அதே நாளில் விடுதலை. நண்பர் சொல்லும் "விடுதலை" இதுதான். டான்சி விடுதலையை 2003 நவம்பரில் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டு, மனசாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பித் தரலாம் என்றும் சொன்னது. குற்றமில்லை, ஆனால் திருப்பிக் கொடு! சட்டத்தின் மொழி தன் எல்லையில் நின்று தடுமாறும் அபூர்வமான இடம் அது.

விடுதலையை நான் மறுக்கவில்லை. குற்றவியல் சட்டம் கேட்பது ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம். யார், என்ன உள்நோக்கத்தோடு, என்ன ஆதாயத்துக்காக என்பதைச் சாட்சியங்களால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விடுவிப்பதே முறை. ஆனால் 1995இன் கேள்வி அதுவல்ல. இந்த ஆணை சட்டப்படி நிற்குமா என்பதே அன்றைய கேள்வி. நிற்காது என்று சொல்லியாயிற்று. 2001இன் விடுதலை அதைத் திருப்பிப் போடவில்லை, போடவும் முடியாது. சட்டவிரோதமான சலுகை ஒன்று தரப்பட்டது, அதற்காக எவரும் குற்றவாளி இல்லை என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். சலுகைக்கு ரசீது கிடையாது என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இது ஒரு கட்சியின் கதை என்று நினைப்பவர்கள் 2ஜி அலைக்கற்றையை நினைவுகூரலாம். 2012 பிப்ரவரி 2 அன்று, அதே தேதி, உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துசெய்தது. பொதுச் சொத்தை முன்வந்தவருக்கு முதலில் என்று வாரி வழங்கிய முறை தன்னிச்சையானது என்றது. 2017 டிசம்பர் 21 அன்று தில்லி தனி நீதிமன்றம் ஆ. இராசா, கனிமொழி உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. இந்த விடுதலையை எதிர்க்கும் சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது. உரிமங்கள் ரத்தானது ரத்தானதுதான். ஆனால் விடுதலையான அன்று தெருவில் இனிப்பு வழங்கியவர்களுக்கும், 2001இல் வழங்கியவர்களுக்கும் வித்தியாசம் துண்டின் கரைநிறம் மட்டுமே. இரண்டு தரப்பும் நம்மை ஒரே பொய்யை நம்பச் சொல்கின்றன: யாரும் சிறைக்குப் போகவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று.

குற்ற வழக்கு ஆட்சியோடு சுழலும் ராட்டினம் என்பதற்குக் கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கினாலே உதாரணம் கிடைக்கும். மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் வழியாக அவிநாசிபாளையம் செல்லும் நான்குவழிச் சாலை. 713 கோடி மதிப்பீடு 1,515 கோடியாக உயர்ந்தது, ஒப்பந்தங்கள் முதல்வரின் உறவினர் வட்டத்துக்குப் போயின என்று தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி புகார் கொடுத்தார். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராக சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2022இல் உத்தரவை நீக்கி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. புதிய ஆட்சி புதிதாக விசாரிக்க முற்பட்டபோது, 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம், ஆட்சி மாறியது மறு விசாரணைக்குக் காரணமாகாது என்றது. லஞ்ச ஒழிப்புத் துறை ஒன்றுதான். 2018இல் ஒன்றுமில்லை என்றது, பிறகு ஏதோ இருக்கிறது என்று எழுந்தது. பழனிசாமி தவறு செய்தாரா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. சாலையின் விலை ஏன் இரட்டிப்பானது என்று அறியும் உரிமை மட்டும் இருக்கிறது. அந்த உரிமைக்குக் குற்றவாளி தேவையில்லை.

சரி, அதற்குத்தானே ஒளிவுமறைவின்மைச் சட்டம் என்பார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. நல்ல சட்டம்தான்; நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று. அதன் 16ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். எப்போதெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பட்டியல். இயற்கைப் பேரிடர், ஒரே விற்பனையாளரிடம் மட்டும் கிடைக்கும் பொருள் என்று நியாயமானவை உண்டு. ஆனாலும் பட்டியல் பட்டியல்தான். தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, 1997இல். அதில் தரவேண்டிய தகவலைவிடத் தரவேண்டாத தகவலின் பட்டியலே பிரபலமாயிற்று. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971. அதன் 113ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது. 1987-88இல் சில மாதங்களில் அப்படி வந்த 62 ஆணைகளை எதிர்த்து கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, அந்த ஆணைகளில் காரணமே எழுதப்படவில்லை என்று கடிந்துகொண்டது. பிரிவு செல்லும் என்றும் சொல்லிவிட்டது. நாம் வீடு கட்டினால் முதலில் வைப்பது நிலைவாசல். அரசு சட்டம் கட்டினால் முதலில் வைப்பது புழக்கடை வாசல்.

விலக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாய்தளம் கட்ட விதியில் இடமில்லாமல் போகலாம். மருத்துவமனைக்கு ஓர் அறை தேவைப்படலாம். என் வழக்கு விலக்கு இருட்டில் தரப்படுவதைப் பற்றியது. எவர் கேட்டார், எந்த விதியிலிருந்து, என்ன காரணம், எந்த அதிகாரி எதிர்த்து எழுதினார் என்பதை ஆணைக்கு முப்பது நாள் முன்பே அந்த ஊர் நகராட்சி வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். பக்கத்து மனைக்காரருக்கு ஆட்சேபிக்க அவகாசம் தர வேண்டும். எண் 126க்கு இப்படி ஓர் அறிவிப்பு ஏரிக்கரையில் ஒட்டப்பட்டிருந்தால் ஊர் அன்றே கேள்வி கேட்டிருக்கும். வழக்கே தேவைப்பட்டிருக்காது.

சுற்றுலா வளர வேண்டாமா, வேலை வேண்டாமா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவருக்கு விலக்கு என்றால் சின்னவர்கள் என்ன செய்வார்கள்? விலக்குக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் விண்ணப்பிக்காமலே கட்டினார்கள். 2019 வாக்கில் மதுரைக் கிளையின் உத்தரவால் கொடைக்கானலில் விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைக்கத் தொடங்கியபோது, கணக்கில் வந்தவை ஆயிரத்துக்கு மேல். அவற்றில் நான்கு அறை வைத்து வாடகைக்கு விட்டவர்களும் இருந்தார்கள். 2024 மே முதல், மலையேறவே இ-பாஸ் எடுக்க வேண்டும். அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான். முப்பது ஆண்டுகளாக இந்த ஊரைப் பற்றி ஒவ்வொரு முடிவையும் நீதிமன்றத்தைக் கொண்டு எடுக்கவைத்திருக்கிறோம். சட்டமன்றமும் நகர்மன்றமும் எதற்கு இருக்கின்றன?

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, "இதெல்லாம் வக்கீல்கள் வேலை, நாம் என்ன செய்ய முடியும்?" என்றார். நான் நகர் ஊரமைப்புத் துறைக்கு எழுதிவைத்திருந்த தகவல் உரிமை மனுவின் நகலைக் கொடுத்தேன். கேள்விகள் மூன்றுதான். கடந்த பத்து ஆண்டுகளில் மலைப்பகுதிகளில் கட்டட விதிகளிலிருந்து விலக்கு அளித்த ஆணைகள் எத்தனை? ஒவ்வொன்றிலும் எழுதப்பட்ட காரணம் என்ன? விண்ணப்பித்து மறுக்கப்பட்டவை எத்தனை? பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இரண்டாவது கேள்வியில் ஓர் ஒற்றுப்பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். திருத்திவிட்டு, அவர் பெயரிலும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.